முழுங்கிய தும்மல்

சங்கிலிமுத்து தும்மலை முழுங்கிவிட்டார். காது இரண்டும் பொக்கென்று அடைத்துத் திறந்து, தொண்டைக்குள் ஏதோ உப்புக் கரித்துக்கொண்டு இறங்கின பிறகுதான், அட பாவி மனுஷா, என்ன காரியம் பண்ணித் தொலைச்சே என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. கட்டிலைச் சுற்றிப் பெரிய டாக்டரம்மா, அவர் முதுகுக்குப் பின்னால் படிக்கிற டாக்டர்கள் ஏழெட்டுப் பேர், ஓரத்தில் மருந்து டிரேயோடு சிஸ்டர் பிலோமினா. எல்லோரும் மூச்சுக் காட்டாமல் நிற்க, டாக்டரம்மா தலையைக் குனிந்து கேஸ் ஷீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த அமைதி இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்த்துவிட்டது. முப்பத்தோரு வருஷமாக அவர் தின்று வளர்ந்த அமைதி அது. ஜில்லா கோர்ட்டில் ஜட்ஜுக்குப் பக்கத்தில், வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாக நிற்கிற டவாலி சங்கிலிமுத்து. ஜட்ஜ் கட்டைப் பிரித்துப் படிக்கிற நேரத்தில் ஈ பறந்தால் ஈயையே முறைத்து உட்கார வைக்கிற ஆள். படிக்கிற தலை ஒன்று, சுற்றி வாய் திறக்காத கூட்டம் ஒன்று. இது போதாதா? மூக்குக்குள் குறுகுறுவென்று கிளம்பினதும் நாக்கு தானாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தாடை தானாக இறுகிக்கொண்டது, தும்மல் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடத் தெரியவில்லை. டாக்டரம்மா அந்த நேரம் பார்த்துத் தலையைத் தூக்கினார். "தும்மல் கிம்மல் வந்துச்சாங்கய்யா?" என்றார். "இல்லீங்கம்மா," என்றார் சங்கிலிமுத்து. "குட்," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

குட்டாவது மண்ணாவது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததிலிருந்து ஐந்து நாளாக, காலையிலும் சாயங்காலமும் சிஸ்டர் பிலோமினா பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். குனியக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. வெளிக்குப் போனால் முக்கக் கூடாது. கனமானதைத் தூக்கக் கூடாது. தும்மலை அடக்கக் கூடாது, வாயை ஆவென்று திறந்து தும்மிவிட வேண்டும். "எங்க, சொல்லுங்கப்பா," என்பாள். அவரும் சாட்சிக்கூண்டில் நிற்கிறவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்று விடாமல் ஒப்பிப்பார். ஒப்பித்து என்ன பிரயோஜனம்? தெரியாதவன் செய்தால் தப்பு, தெரிந்தவன் செய்தால் அதற்குப் பேர் கொழுப்பு. கொழுப்பு என்றதும் தொடையில் தையல் போட்ட இடம் சுருக்கென்றது. அங்கிருந்துதான் கொஞ்சம் கொழுப்பைக் கிள்ளி எடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால், மூளைக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்த கட்டியை மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே போய்ச் சுரண்டி எடுத்தார்கள். எடுக்கும்போது மூளையைச் சுற்றியிருக்கிற தண்ணீர் கொஞ்சம் கசிந்ததாம். அந்த ஓட்டையில்தான் அவருடைய தொடைக் கொழுப்பை வைத்து அடைத்து, மூக்கின் நடுச்சுவரில் இருந்த சவ்வை ரத்த ஓட்டம் அறுபடாமல் திருப்பி மேலே போர்த்தி, சுற்றிலும் பசை தடவியிருக்கிறார்கள். "சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டின மாதிரிதாங்கய்யா. காயுற வரைக்கும் உள்ள காத்து ஏத்தாம இருக்கணும்," என்று டாக்டரம்மாவே விளக்கியிருந்தார். வாயைத் திறந்து தும்மினால் காற்று வெளியே போய்விடும். மூடிக்கொண்டு முழுங்கினால் அது எங்கே போகும்? மேலே போய் முட்டும். ஒட்டு பிய்ந்தால் மூளைத் தண்ணீர் மூக்கு வழியே ஒழுகும், அது வருகிற வழியில் கிருமி உள்ளே போகும், மூளைக்குச் சுரம் வரும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவர் சம்சாரம் ஜெயக்கொடி, "ஒழுகினாத் தேவலை டாக்டர், உள்ள ஒண்ணு இருக்குன்னு எனக்கும் நிச்சயமாகும்," என்று சொல்லிச் சின்ன டாக்டர்களைச் சிரிக்க வைத்தாள். அப்படிச் சொன்ன மகராசிதான் மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஐந்து மணி நேரம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றாள். இப்போது கஞ்சி வாங்கி வரக் கேண்டீனுக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்தார். என்ன முடிவு என்றுதான் தெரியவில்லை.

மேல் உதட்டில் ஈரம். அசையாமல் மல்லாக்கப் படுத்துக்கொண்டு நாக்கை மட்டும் மெள்ள நீட்டித் தொட்டுப் பார்த்தார். உப்பு. உப்பு என்றால் எந்த உப்பு? ஏழரை மணிக்குச் சிஸ்டர் மூக்கில் அடித்த ஸ்ப்ரேயும் உப்புத் தண்ணீர்தான். மின்விசிறிக்கு நேர்கீழே படுத்திருந்தும் நெற்றி வேர்க்கிறது, வேர்வையும் உப்புத்தான். மூளைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை நினைத்துப் பார்த்தார். சிலருக்கு உப்புக் கரிக்கும், சிலருக்கு லேசாகத் தித்திக்கும் என்றார். நல்லா இருக்கு கதை, உப்பும் அதுதான் சர்க்கரையும் அதுதான் என்றால் மனுஷன் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இன்னொரு தரம் நாக்கை நீட்டினார். இப்போது தித்திக்கிற மாதிரி இருந்தது. காலையில் குடித்த காபியாக இருக்கும். காபி குடித்து இரண்டு மணி நேரம் ஆகிறதே. ஐந்து நாளாக வாசனை தெரியாத மூக்கு, ருசியும் பாதிதான் தெரிகிறது, இதில் நாக்கை நம்பி என்ன தீர்ப்புச் சொல்வது? துடைத்துவிட்டுப் பார்க்கலாம், மறுபடி ஊறினால் கசிவு, ஊறாவிட்டால் வேர்வை. விரலால் ஒற்றி எடுத்தார். எண்ணினார். முப்பது வரை எண்ணுவதற்குள் மறுபடி ஈரம் வந்த மாதிரி இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. பயந்தவனுக்கு வேர்க்காமல் என்ன செய்யும் என்று தன்னையே அதட்டிக்கொண்டார். அதட்டினதில் இன்னும் கொஞ்சம் வேர்த்தது.

எல்லாம் அந்தப் பழைய ஜட்ஜ் ஐயா போட்ட விதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். அண்ணனை வெட்டினான் என்று தம்பி மேல் கேஸ், தீர்ப்பு நாள், கோர்ட் ஹாலில் எள் போட்டால் எள் விழாது. ஜட்ஜ் கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தார். அந்த இமைப்பில் சங்கிலிமுத்து தும்மினார். ஒற்றைத் தும்மல். இரண்டாவது வந்திருந்தாலும் பரவாயில்லை, வரவில்லை. கூண்டில் நின்றவனின் பெண்டாட்டி, "ஐயோ, ஒத்தத் தும்மலா விழுந்துருச்சே," என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழ, ஜட்ஜ் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வந்து வாசித்த தீர்ப்பில் தம்பிக்காரன் விடுதலைதான். ஆனால் அதை யார் பேசினார்கள்? டவாலி தும்மினதைத்தான் ஒரு மாசம் வக்கீல்கள் பேசிச் சிரித்தார்கள். சாயங்காலம் ஜட்ஜ் சேம்பருக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. "சங்கிலிமுத்து, இனிமே என் கோர்ட்ல உன் தும்மல் கேக்கக் கூடாதப்பா," என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் வினை. கத்தியிருந்தால் மறந்திருப்பார். அன்றைக்குப் பழகின வித்தை இது. ஜட்ஜுகள் மாறினார்கள், கட்டடம் மாறியது, வித்தை மட்டும் மாறவில்லை. கோர்ட்டுத் தூசிக்கு ஒரு நாளைக்கு நாலு தும்மல் என்று வைத்துக்கொண்டாலும் முப்பத்தோரு வருஷத்துக்கு எத்தனை ஆயிரம்? அத்தனையும் எங்கே போயிருக்கும்? அதெல்லாம் சேர்ந்து திரண்டுதான் நெல்லிக்காய் ஆனதோ? இந்தச் சந்தேகம் கட்டி என்று கேள்விப்பட்ட அன்றே அவருக்கு வந்தது. டாக்டரம்மாவிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் சிரித்துவிட்டால்? நெல்லிக்காயும் கமுக்கமாகத்தான் வளர்ந்தது. பக்கவாட்டில் இருக்கிறது கண்ணுக்குப் படாமல் போனதுதான் அது காட்டின முதல் அடையாளம். ஒரு நாள் கோர்ட்டில் கட்சிக்காரி ஒருத்தியை, "பவுனம்மா, பவுனம்மா, பவுனம்மா," என்று மூன்று தரம் கூப்பிட்டு, "ஆஜரில்லைங்க," என்று ஜட்ஜிடம் சொல்லிவிட்டார். இடது கைப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த அந்தம்மா, "இந்தா நிக்கிறேன், கண்ணு அவிஞ்சா போச்சு," என்றாள். கோர்ட்டே சிரித்தது. ஒரு விதத்தில் உண்மையைத்தான் சொன்னாள், புண்ணியவதி.

இல்லீங்கம்மா. எவ்வளவு சுளுவாக வந்தது அந்த வார்த்தை. கூண்டில் ஏறுகிற ஒவ்வொருத்தனும் கடவுள் சாட்சியாக உண்மையைத் தவிர வேறு சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணுவதை எத்தனை தரம் கேட்டிருப்பார். பண்ணின வாய் மூடுவதற்குள் பொய் சொல்கிறவனையும் பார்த்திருக்கிறார். பொய் சொல்கிறவன் கட்டை விரலால் கூண்டுக் கட்டையைச் சுரண்டுவான், அது அவருடைய முப்பது வருஷக் கண்டுபிடிப்பு. இப்போது பார்த்தால் தன் கட்டை விரல் போர்வை நூலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. ஏன் சொன்னோம்? பயமா? டாக்டரம்மா நல்ல மாதிரி, ஐயா போட்டுத்தான் பேசுவார். கேட்டவர் படிக்கிற தலையைத் தூக்கிக் கேட்டார், அவ்வளவுதான், ஜட்ஜ் உட்காருகிற பெஞ்சுக்கு முன்னால் தும்மினேன் என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. போய்ச் சொல்லிவிடலாம். சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன செய்வார்கள்? மூன்றாவது கட்டிலில் இருந்த ஆளுக்கு இப்படித்தான் கசிந்து, முதுகுத்தண்டில் ஊசி குத்திக் குழாய் போட்டு ஐந்து நாள் அசையாமல் படுக்க வைத்தார்கள். அதற்கும் நிற்காமல் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மறுபடி தியேட்டர் என்றால் மறுபடி அந்த வாசல், மறுபடி ஜெயக்கொடி. சொல்லாமலே இருந்துவிட்டால்? ஒழுகினால் ஒழுகட்டும் என்று இருந்தால் சுரம் வரும், சுரம் வந்தால் புத்தி பேதலிக்கும் என்கிறார்கள், அப்புறம் பொய் சொன்னதுகூட ஞாபகம் இருக்காது. இப்படி அங்கே இடித்து இங்கே இடித்து மனசு அலைந்துகொண்டிருந்தபோது ஜெயக்கொடி தூக்குவாளியோடு வந்து சேர்ந்தாள்.

"என்ன, பேயறஞ்ச மாதிரிப் படுத்திருக்கீங்க. டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்று கட்டிலின் கைப்பிடியைச் சுழற்றித் தலைமாட்டை உயர்த்தினாள். "குட்டுன்னாங்க," என்றார். "அப்பறம் என்ன, ராசா மாதிரிச் சாப்பிடுங்க," என்று கஞ்சியை டம்ளரில் ஊற்றி, ஆற்றி, ஒரு கையால் அவர் நாடியைத் தாங்கி வாயருகே கொண்டுவந்தாள். அப்போது ஒரு சொட்டு விழுந்தது. எங்கேயோ விழவில்லை, டம்ளர் பிடித்த அவள் கையின் பின்புறத்தில், வளையலுக்கு ஒரு விரல் தள்ளி, தெளிவாக, கண்ணாடி மாதிரி விழுந்தது. மூக்கிலிருந்து விழுந்ததா மீசையிலிருந்து விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. ஜெயக்கொடி ஒன்றும் நினைக்கவில்லை, "என்னா வேர்வை," என்று சேலையில் துடைக்கப் போனாள். "தொடைக்காத," என்றார். குரல் அவருக்கே வேறு யார் குரலோ மாதிரிக் கேட்டது. "ஜெயக்கொடி, நான் தும்மலை முழுங்கிட்டேன்." அவள் கை அப்படியே நின்றது. "எப்ப?" "டாக்டரம்மா நிக்கயில." "அவுங்ககிட்டச் சொன்னீங்களா?" "வரலைன்னு சொல்லிட்டேன்." ஜெயக்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டார். திட்டு வரவில்லை, செருப்புச் சத்தம்தான் கேட்டது, வார்டு நீளத்துக்கும் "சிஸ்டர், சிஸ்டர்," என்று அவள் ஓடுகிற சத்தம். ஒட்டு பிய்ந்ததோ இல்லையோ, நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது பிடுங்கிக்கொண்டது மாதிரி இருந்தது அவருக்கு. ஒரு வாய் கஞ்சியை அவரே எடுத்துக் குடித்தார்.

டாக்டரம்மா திரும்பி வந்தார், இந்தத் தரம் கூட்டத்தைக் கூட்டி வரவில்லை. கோபமாக இருக்கிறாரா என்று சங்கிலிமுத்து பார்த்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஜட்ஜுகளுக்கும் இந்த முகம்தான். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, தலையை முன்னால் சாய்த்து நாடியை நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொன்னார். குனியக் கூடாது என்று ஐந்து நாளாக ஒப்பித்தவருக்குக் கழுத்து மடங்க மறுத்தது. "நான் பக்கத்துலதான் இருக்கேன், குனிங்கய்யா. கசிவு இருந்தா இப்ப சொட்டும்," என்றார் டாக்டரம்மா. மூக்குக்கு நேர் கீழே சிஸ்டர் ஒரு ஸ்டீல் கிண்ணத்தைப் பிடித்தாள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களே, அப்படித்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிண்ணத்தின் அடியில் அவருடைய முகமே கோணலாகத் தெரிந்தது. ஒரு சொட்டு விழுந்தது. ஜெயக்கொடியின் கை அவர் தோளை இறுக்கியது. சங்கிலிமுத்துவின் மனசு ஓடின ஓட்டம் இருக்கிறதே, முதுகில் குழாய், மூன்றாவது கட்டில், தியேட்டர் வாசல், புத்தி பேதலித்து ஆஜரில்லை ஆஜரில்லை என்று கத்திக்கொண்டு திரிகிற ஒரு கிழவன், எல்லாம் ஒரு சொட்டுக்குள் வந்துவிட்டுப் போனது. அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தார். வரவில்லை. கழுத்து வலித்தது. வரவில்லை. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நிமிஷம் ஆச்சு மேடம். நான் ஏழரைக்கு ஸ்ப்ரே அடிச்சேன், அந்தத் தண்ணி உள்ள நின்னிருக்கும்," என்றாள். டாக்டரம்மா அதோடு விடுகிறவர் இல்லை. மூக்கு மரத்துப்போக மருந்து வைத்து, பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு கேமராக் குழாயை உள்ளே விட்டார். பக்கத்தில் இருந்த சின்னத் திரையில் ஏதோ குகை தெரிந்தது, ஈரமாக, செக்கச்செவேலென்று. இதுக்குள்ளதான் நாம குடியிருக்கோமா என்று சங்கிலிமுத்துவுக்குத் திகைப்பாக இருந்தது. "இந்தா பாருங்க, போர்த்தின சவ்வு," என்றார் டாக்டரம்மா. "ஓரம் எங்கயும் தூக்கல. வச்ச இடத்துல அப்படியே இருக்கு. துடிக்குது பாருங்க, உசுரோட இருக்கு. ஒரு பொட்டுத் தண்ணி இல்ல." அது துடிப்பதை அவர் பார்த்தார். அவருடைய நெஞ்சு அடிக்கிற அடிக்கெல்லாம் அதுவும் சேர்ந்து அடித்தது.

குழாயை வெளியே எடுத்துவிட்டு டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "உங்களை மயக்கத்துலேருந்து எழுப்புறதுக்கு முன்னாடியே, மயக்க மருந்து டாக்டர்கிட்டச் சொல்லி நெஞ்சுல காத்தை அழுத்தி நிறுத்தி ஒட்டு தாங்குதான்னு பாத்தோம். அதுக்கே அசையல. அதனால இந்த ஒரு தும்மல் தப்பிச்சிருச்சு. அடுத்ததும் தப்பும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். ஏன் இல்லன்னு சொன்னீங்க?" என்றார். சங்கிலிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெஞ்சுக்கு முன்னால தும்முறது இல்லீங்கம்மா. பழக்கம்." டாக்டரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார், அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது, சிஸ்டர் வாயைப் பிளந்தாள். "நான் ஜட்ஜ் இல்லைங்கய்யா. நீங்க என் மூஞ்சிலயே தும்முங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் இத்தனை நாள் கேட்காததையும் கேட்டுவிட்டார். "முழுங்கின தும்மலெல்லாம் சேந்துதான் கட்டியாச்சுங்களாம்மா?" "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றார் டாக்டரம்மா. ஒரே நாளில் இரண்டு கேஸில் விடுதலை ஆன மாதிரி இருந்தது சங்கிலிமுத்துவுக்கு. ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், எதிர்க் கட்டில்காரர் உரிக்கிற சாத்துக்குடி, எல்லாம் யாரோ கழுவித் துடைத்து வைத்த மாதிரித் தெரிந்தன. டாக்டரம்மா போய்விட்டார். சிஸ்டர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜெயக்கொடி ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு, "இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்ல இருக்கேன். உங்களுக்குத் தும்மலே வராதுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள். "வரும்," என்றார். "வீட்லயும் முழுங்குவீங்களா?" "பழகிப்போச்சுல்ல." "நல்ல பழக்கம் பழகினீங்க. எனக்கு உசுரே இல்ல தெரியுமா? அந்தச் சொட்டு விழுந்தப்ப எனக்கு உசுரே இல்ல," என்றாள். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது, அதை விரலால் எடுத்து ஓரமாக ஒதுக்கினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதுதான், மருந்து வைத்த மரமரப்பு விட்டுப்போன மூக்குக்குள் குறுகுறுவென்று கிளம்பியது. உடம்பு சொன்ன பேச்சைக் கேட்குமா, நாக்கு மேலண்ணத்துக்குப் போய்விட்டது, தாடை இறுக ஆரம்பித்துவிட்டது. அவர் கண் சொருகுவதைப் பார்த்தாளோ என்னவோ, ஜெயக்கொடி எட்டிப் பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாக அவர் இரண்டு கன்னத்தையும் பிடித்து அமுக்கினாள், மருந்து குடிக்காத பிள்ளையைப் பிடிக்கிற பிடி. "தொறங்க," என்றாள். வாய் திறந்துகொண்டது. சங்கிலிமுத்து தும்மினார். முப்பத்தோரு வருஷத்துத் தும்மல் அது, ஜன்னல் கம்பியில் இருந்த காக்கா பறந்துபோனது, வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அத்தனையும் ஜெயக்கொடியின் முகத்தில்தான். கண்ணாடி, நெற்றிப் பொட்டு, மூக்குத்தி, ஓரிடம் பாக்கியில்லை. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. சுட்டுவிரலை அவர் மூக்குக்குக் கீழே வைத்து, இடது பக்கம் ஒரு தரம், வலது பக்கம் ஒரு தரம் மெள்ளத் தடவினாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தடவினாள். எழுந்து போய் அந்த விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தாள். "காஞ்சுதாங்க இருக்கு," என்றாள். அதன் பிறகுதான் முந்தானையை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.